உபதேசம் செய்யாதிருக்கக் கற்ற கதை

பிறர் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது நம்மவர்களுக்கு இயலாத காரியம். காய்ச்சல் என்று படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் கஷாயம் சொல்வோம். கடன் என்று வாய் திறந்தவருக்குச் சிக்கனம் சொல்வோம். பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று பெருமூச்சு விடுகிறவருக்கு, எந்தக் கோயிலில் எந்தக் கிழமையில் எத்தனை விளக்குப் போட வேண்டும் என்பதை, இறங்க வேண்டிய பேருந்து நிறுத்தத்தோடு சேர்த்துச் சொல்லி அனுப்புவோம். இதை நான் பரிகாசமாக எழுதவில்லை. அந்த உபதேசங்களில் கலந்திருக்கும் பிரியம் மெய்யானது; கையில் காசில்லாதவனும் தாராளமாகச் செய்யக்கூடிய தானம் அது ஒன்றுதான் என்பதும் மெய். ஆயினும், உயிரோடிருப்பதில் இனி அர்த்தமில்லை என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு ஒருவர் நம் எதிரே வந்து உட்காரும்போது, தலைமுறை தலைமுறையாக நம்மிடம் ஊறிப்போன இந்தப் பழக்கம் எவ்வளவு பெரிய இடைஞ்சலாகிவிடுகிறது என்பதை, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தற்கொலைத் தடுப்புத் தொண்டர்களுக்கென்று நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்த பின்னர்தான் நான் பிரத்தியட்சமாகக் கண்டுகொண்டேன்.

இந்த வயதில் இந்த வேலை எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான மறுநாள், மதிப்பெண் பட்டியல்களுக்கும் முதலிடம் பெற்றவர்களின் புகைப்படங்களுக்கும் நடுவே, நாலே வரியில் அச்சாகி வரும் அந்தச் சின்னச் செய்திகளைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவது வருஷத்துக்கு வருஷம் எனக்குக் கடினமாகிக்கொண்டு வந்தது. அதைத் தவிர விசேஷமான காரணம் எதுவும் இல்லை. தேறாத பாடத்தை ஒரு வருஷம் காத்திராமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுதிவிடலாம் என்ற ஏற்பாடு இப்போது இருக்கிறது. அது பரீட்சை நிர்வாகத்தின் சாதாரணச் சலுகை என்றே நான் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். தற்கொலைத் தடுப்பில் ஈடுபட்டவர்கள் அதற்காகப் பலகாலம் வாதாடினார்கள் என்பதும், ஒரு வருஷம் பாழாகிவிட்டதே என்ற திகைப்பிலிருந்து பிள்ளைகளைக் காப்பதே அவர்கள் நோக்கம் என்பதும் வகுப்பில் சேர்ந்த பிறகு தெரிந்த விஷயங்கள்.

இந்தத் தொண்டின் பூர்வோத்தரத்தைச் சற்றே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் 1935ஆம் ஆண்டு லிங்கன் நகரில் ஊழியத்துக்கு வந்த புதிதில் நடத்தி வைத்த முதல் ஈமச் சடங்கு ஒரு பதினாலு வயதுச் சிறுமியுடையது. பூப்பெய்தியதை ஏதோ தகாத நோயென்று எண்ணிப் பயந்து, அதைக் கேட்டுத் தெளிய நம்பகமான ஒரு மனிதர் இல்லாமல், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட குழந்தை அது. அந்த நினைவு அவரை விடவில்லை. 1953இல், லண்டன் மாநகரின் நடுவிலே ஒரு பழைய தேவாலயத்தின் பொறுப்பை ஏற்றிருந்தபோது, மனமுடைந்தவர்கள் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம், நேரிலும் வரலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. அவரைச் சந்திப்பதற்காகக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில சாதாரண மனிதர்கள் முன்வந்தார்கள். அப்புறம் நிகழ்ந்ததுதான் வேடிக்கை: காத்திருந்தவர்களில் பலர் தேநீர் கொடுத்தவரிடமே மனத்திலிருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலாக வீடு திரும்பினார்கள். சாட் வாரா புத்திசாலி, நடப்பதைக் கவனித்தார், மறு வருஷமே தொலைபேசியை அந்தத் தேநீர்க்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்ற ஸ்தாபனம் உருவானது இவ்வாறுதான். படித்த நிபுணரிடம் கிடைக்காத ஏதோ ஒன்று தேநீர்க் கோப்பையை நீட்டியவரிடம் கிடைத்திருக்கிறதென்றால் அது என்ன என்ற கேள்விக்கு விடை தேடுவதாகவே எங்கள் பயிற்சி முழுவதும் அமைந்திருந்தது என்று சொல்லலாம்.

சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியபோது, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு அவருக்கு ஓராண்டு வரை சிறை என்று சொல்லிக்கொண்டிருந்தது. சாகத் துணிந்தவனைச் சிறையைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று நினைத்த அந்த வெள்ளைக்கார நியாயம் விசித்திரமானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்று கூறி அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இடம்பெறவில்லை. ஆனால் சட்டம் போனாலும் அதன் நிழல் போகவில்லை. "போலீஸ் கேஸ் ஆயிடுமோ", "வெளியில தெரிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாதே" என்று மூடி மறைக்கும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்றும், அவர்களில் தமிழ்நாட்டினர் 19,834 பேர் என்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. மாநிலங்களின் வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நாம். இதில் பதிவாகாமல் மறைந்தவை எத்தனையோ.

இனி வகுப்புக்கு வருவோம். மின்விசிறி சுற்றும் ஓர் எளிய அறை. இரண்டிரண்டாக எதிரெதிரே போட்ட நாற்காலிகள். கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பகலெல்லாம் தனியாயிருக்கும் ஓர் அம்மாள், சமூகப் பணி படிக்கும் மாணவர்கள் என்று கலவையான கூட்டம். எங்களுக்குப் பயிற்சி அளித்த பெண்மணி முதல் நாளே ஒரு நாடகம் நடத்தினார். அவரே கடனில் மூழ்கிய ஒரு சிறு வியாபாரியாக வேஷம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்; எதிரே தலைமையாசிரியர். வியாபாரி தன் கதையைச் சொன்னார்: சீட்டுப் பணம் போனது, வட்டிக்காரர்கள் கடை வாசலில் வந்து நின்றது, மனைவியின் நகை அடகில் இருப்பது. கடைசியில், "நான் இருந்து யாருக்கு சார் என்ன பிரயோஜனம்" என்று முடித்தார். தலைமையாசிரியர் பதறிப்போய், "தம்பி, தப்பான முடிவு எதுவும் எடுத்துடாதீங்க" என்றார். "சேச்சே, அதெல்லாம் இல்லை சார்" என்று வியாபாரி சிரித்தார். அத்துடன் பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது.

பயிற்சியாளர் வேஷத்தைக் களைந்துவிட்டு விளக்கினார். தப்பான முடிவு என்று சொன்ன மாத்திரத்தில், அந்த எண்ணம் உனக்கு இருந்தால் நீ தப்பானவன் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். எடுத்துவிடாதே என்பதன் மூலம், எனக்குப் பயமாக இருக்கிறது, இல்லை என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்து என்று கேட்டுக்கொண்டும் விட்டோம். மரியாதை தெரிந்த மனிதர் நமக்காக இல்லை என்று சொல்லிவிடுகிறார். பிறகு அதே நாற்காலியில் அந்தத் தனியாயிருக்கும் அம்மாளை உட்கார வைத்தார். அதே கதை, அதே கடைசி வரி. அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். பின்பு, பக்கத்து வீட்டில் சாப்பாடு ஆயிற்றா என்று விசாரிக்கும் அதே குரலில், "ரொம்பக் கஷ்டமா இருக்கேப்பா... செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டார். வியாபாரி நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம்மா, ரெண்டு வாரமா அதே நெனப்பாத்தான் இருக்கு" என்று பதில் வந்தது. நடிப்பு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அறையில் ஒருவரும் அசையவில்லை.

நேராகக் கேட்பதுதான் இந்த வித்தையின் முதற்பாடம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் படித்தவர்களுக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் அந்தப் பயம் ஆதாரமற்றது என்று காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே அந்த எண்ணத்தோடு தனியாகப் போராடிக்கொண்டிருப்பவருக்கு, ஒருவர் முகம் சுளிக்காமல் அதைப் பற்றிக் கேட்டுவிட்டார் என்பதே பெரிய ஆசுவாசம். அது இல்லாதவரோ, இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார், நஷ்டம் ஒன்றுமில்லை.

இரண்டாவது பாடம் இன்னும் கடினமானது. ஆமாம் என்று பதில் வந்த பிறகு என்ன செய்வது? உடனே நமக்கு நாவில் வந்து நிற்பவை எவை என்று பாருங்கள்: "உன் குழந்தைங்களை நெனச்சுப் பார்த்தியா?", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர் இருக்காங்க", "எல்லாம் சரியாயிடும்". முதலாவது, தன்னால் குடும்பத்துக்குப் பாரம் என்று ஏற்கெனவே குமைந்துகொண்டிருப்பவர் மீது இன்னொரு குற்றச்சாட்டை ஏற்றுகிறது. இரண்டாவது, உன் வலி வலியே அல்ல என்கிறது. மூன்றாவது, கேட்டது போதும் என்று கதவைச் சாத்துகிறது. "எனக்கும் இப்படித்தான் ஒருமுறை..." என்று நம் சொந்தச் சரித்திரத்தைத் தொடங்குவது நாலாவது ரகம், எங்கள் வகுப்பில் அதற்குத்தான் ரசிகர்கள் அதிகம். இவற்றையெல்லாம் விலக்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று ஒரு மாணவன் கேட்டான். பாட்டி கதை சொல்லும்போது திண்ணையில் உட்கார்ந்து 'உம்' கொட்டிய பிள்ளைகள் கதையை எப்படி நகர்த்திச் சென்றார்களோ, அப்படி நகர்த்திச் செல்வது மிச்சம் இருக்கிறது என்றார் பயிற்சியாளர். கதையின் போக்கை அந்தப் பிள்ளை தீர்மானிப்பதில்லை. ஆனால் 'உம்' நின்றுவிட்டால் பாட்டியும் நிறுத்திவிடுவாள்.

மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதற்கும் தனியாகப் பயிற்சி தந்தார்கள். தொலைபேசியின் மறுமுனையில் அழுகை மட்டும் கேட்கும். அல்லது மூச்சு மட்டும் கேட்கும். அந்த இடைவெளியை எதையாவது சொல்லி நிரப்பிவிடத் துடிக்கும் நாக்கை அடக்கி, "அவசரம் இல்லை, நான் இருக்கேன்" என்பதற்கு மேல் பேசாதிருப்பது, வாழ்நாள் முழுவதும் அலுவலகக் கூட்டங்களில் முந்திக்கொண்டு பேசிப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சிறு தபஸ்தான்.

இவ்வாறு கேட்டுக்கொண்டிருப்பதால் என்ன ஆகும் என்று சந்தேகிப்பவர்கள், சாக நினைப்பவரின் மனநிலையைப் பற்றி ஒரு விஷயம் அறிந்துகொள்ள வேண்டும். அவர் உள்ளத்தில் ஒரே முடிவு கல்லாய் இறுகிக் கிடக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் கற்பனை. இறக்க வேண்டும் என்ற விருப்பமும் எப்படியாவது பிழைத்துவிட வேண்டும் என்ற விருப்பமும் ஒரே மனத்தில் ஒரே சமயத்தில் போராடிக்கொண்டிருக்கின்றன என்பதை, 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸ் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்வின் ஷ்னைட்மன் தம் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி எழுதினார். சான் பிரான்சிஸ்கோவில் முயற்சியின்போது தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிற்பாடு என்னவானார்கள் என்று ரிச்சர்ட் சீடன் என்பவர் தேடிப் பார்த்து 1978இல் வெளியிட்டார். நூற்றுக்கு 94 பேர் உயிரோடிருந்தார்கள், அல்லது இயற்கையாக மரணமடைந்திருந்தார்கள். இன்று தடுத்தால் நாளை செய்துகொள்வான் என்று தலையாட்டும் ஊர்ப் பெரியவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிவைப்பது நல்லது. அந்த வெறி உச்சத்திலிருக்கும் நேரம் சிறியது. அந்த நேரத்தைக் கடக்க உதவுவதே காரியம்.

ஆகையால்தான், ஆபத்தான பொருள்களை அவருக்கு எட்டாத தூரத்தில் வைப்பது என்ற, கேட்பதற்கு மிகச் சாதாரணமாகத் தோன்றும் செயல் இத்தனை முக்கியத்துவம் பெறுகிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், விவசாயிகள் பூச்சிமருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஊருக்குப் பொதுவான ஒரு கிடங்கில் தத்தம் பெட்டிகளில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சினேகாவைச் சேர்ந்தவர்கள் செய்து பார்த்தார்கள். அதன் பலனை 2013இல் ஆராய்ச்சிக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். பெட்டிச் சாவி விவசாயியிடமே இருக்கும். ஆனால் சண்டை போட்ட ராத்திரியில் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் புட்டி இராது. இலங்கையில் இதையே அரசாங்கம் பெரிய அளவில் செய்தது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை 1995 முதல் படிப்படியாகத் தடை செய்ததன் பயனாக, உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளில் ஒன்றாக இருந்த அத்தீவில் இருபது வருஷங்களில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டது. அங்கே வயலில் விளைச்சல் குன்றிவிடவும் இல்லை.

எனக்கு மிகுந்த ஆச்சரியத்தைக் கொடுத்த ஆராய்ச்சி வேறொன்று. உலக சுகாதார ஸ்தாபனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து ஊர்களில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்து பிழைத்த 1,867 பேரை எடுத்துக்கொண்டு நடத்தியது. முடிவுகள் 2008இல் வெளியாயின. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றொரு பாதியினருக்கு, அதோடு கூட, ஏறக்குறைய ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு ஒன்றரை வருஷத்துக்குள் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். ஒன்றரை வருஷ முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். நலம் விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதத்தினர். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவர் மறக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இவ்வளவு சக்தியா என்று நான் அந்த எண்களை இரண்டு முறை படித்தேன். பின்னர் தமிழ்நாட்டிலுள்ள இலங்கை அகதிகள் முகாம்களிலும் இதைப் போன்ற ஒரு ஏற்பாடு நடந்தது. முகாமில் வாழ்பவர்களிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினார்கள்; அவர்கள் ஆபத்திலிருப்பவர்களை முறையாகப் போய்ப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாப்புத் திட்ட அட்டையை எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்களும் எழுதிப் பழகினோம். மனம் கலங்கத் தொடங்கும்போது எனக்குத் தெரியும் அறிகுறி எது, அப்போது நானாகச் செய்யக்கூடியது என்ன, யார் வீட்டுக்குப் போய் உட்காரலாம், யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், எந்த மருத்துவரை எந்த எண்ணில் அழைப்பது, வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும் என்பவற்றை அவரே தம் சொந்த வார்த்தைகளில் எழுத வேண்டும். நாம் எழுதித் தரக்கூடாது. என்னோடு ஜோடி சேர்ந்த மாணவன், தான் செய்யக்கூடியது என்ற இடத்தில் 'மொட்டை மாடி' என்று எழுதிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, தானே அடித்துவிட்டு, 'தெருமுனை டீக்கடை, மாஸ்டர் கிட்ட பேச்சு' என்று மாற்றினான். 'தியானம்', 'நேர்மறைச் சிந்தனை' என்று நான் எழுதிக் கொடுத்திருப்பேன். டீக்கடை மாஸ்டர் என் புத்தியில் உதித்திருக்க மாட்டார்.

இரகசியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்பார்கள். அந்தச் சத்தியத்தைச் செய்யலாகாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உன் உயிருக்கு ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடிய ஒருவருக்குச் சொல்வேன், உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிட்டே சொல்வேன் என்பதுதான் நேர்மையான பதில். அப்படிச் சொன்னால் பேச்சை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சினோம், பெரும்பாலும் நிறுத்துவதில்லையாம்.

அறிகுறிகளை அறிவது பற்றி நிறைய எழுதலாம். பாரம், பிரயோஜனமில்லை என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருவது, அருமையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, ஊர் ஊராய்ப் போய் விடைபெறுவது போலப் பேசுவது, நெடுநாள் கலக்கத்துக்குப் பிறகு திடீரென்று வரும் காரணம் விளங்காத அமைதி ஆகியவை கவனிக்கத்தக்கவை. ஆனால் இவற்றை ஜாதகக் கட்டம் போல வைத்துக்கொண்டு மனிதர்களைக் கணிக்கப் புறப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. சந்தேகம் வந்தால் கேட்டுவிடுவது சுலபம்.

ஏற்கெனவே ஒருவரை இவ்விதமாக இழந்துவிட்டு இதைப் படிக்கிறவர்கள் இருக்கலாம். நான் இதைத் தெரிந்துவைத்திருந்தால் காப்பாற்றியிருப்பேனே என்ற முள் அவர்களைக் குத்தும். எங்கள் பயிற்சியாளர் இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர். நாற்பது வருஷம் இதே வேலை செய்தவர்களும் சிலரை இழந்திருக்கிறார்கள். அறிகுறி எதையும் வெளியே காட்டாதவர்கள் உண்டு. நோயின் கை ஓங்கிவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. தொண்டராக வருபவர் தம்மை இரட்சகராக எண்ணிக்கொண்டால் இரண்டு மாதத்தில் தாமே நொறுங்கிப்போவார். ஆகவே ஒவ்வொரு முறை பணி முடிந்ததும், கேட்டதையெல்லாம் மூத்த தொண்டர் ஒருவரிடம் இறக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்பவரையும் யாராவது கேட்க வேண்டுமல்லவா.

வகுப்பு முடிந்த பிறகு என் சுபாவம் மாறிவிட்டதா என்று என் மனைவியைக் கேட்டால், கஷாயம் சொல்வது குறையவில்லை என்பாள். அது போகட்டும். தொண்டராகச் சேர விரும்புகிறவர்கள் மனநல மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. வாரத்தில் சில மணி நேரமும், பிறரைத் திருத்தும் ஆசையைச் சற்று ஒத்திவைக்கும் மனமும் இருந்தால் போதும்.

எண்களைக் கொடுத்துவிடுகிறேன். சென்னை சினேகா: 044-24640050. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ்: 14416, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104. உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 108. உங்களுக்காகத்தான் அழைக்க வேண்டும் என்பதில்லை. "என் தம்பி இப்படிப் பேசுறான், நான் என்ன செய்யட்டும்" என்று கேட்டும் அழைக்கலாம். ஓர் எண் கிடைக்காவிட்டால் அடுத்ததைப் போட்டுப் பாருங்கள். யாராவது எடுக்கும்வரை தம்பியைத் தனியே விட்டுவிட்டு வெளியே போக வேண்டாம்.